பூட்டு நகரில் மூன்று நாட்கள்

சிங்கப்பூரிலிருந்து திண்டுக்கல்லுக்கு வர வழிகள் பல உண்டு. இம்முறை நாங்கள் கொழும்பு வழியாக மதுரைக்கு வந்தோம். இடையே கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஐந்து மணி நேரம் காத்திருக்க நேர்ந்தது. பிள்ளைகள் இருக்கைகளிலேயே உறங்கிவிட்டனர். எங்கள் நினைவோ அருகிலுள்ள நீர்கொழும்பை நாடிச் சென்றது. 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறன்று, அங்குள்ள கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்தில் குண்டு வெடித்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பூசைக்குச் சென்று வீடு திரும்பாத அவர்களுக்காக ஒரு செபமாலை சொன்னோம். வாசலைப் பார்த்தபடி காத்திருந்தவர்களின் துயரம் நெஞ்சை அழுத்தியது. எங்களுக்காகவும் ஒருவர் காத்திருந்தார்.

மதுரையிலிருந்து வடக்கே செல்லும் சாலையில் வலப்புறம் சிறுமலை உடன் வருகிறது. இடப்புறம் தொலைவில் கொடைக்கானல் மலைகள் நீலமாய்த் தெரிகின்றன. இரண்டிற்கும் நடுவே பரந்து கிடப்பது வானம் பார்த்த பூமி. ஆயினும் அடிவாரத்தில் திராட்சைக் கொடிகள் படர்கின்றன. நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை மணக்கிறது. சின்னாளபட்டியைக் கடந்ததும் திண்டு போன்ற அந்தப் பாறை எழுந்து நின்று வரவேற்கிறது. 1605இல் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் தொடங்கிய கோட்டை அதன் தலையில் இருக்கிறது. 1755இல் ஐதர் அலி இங்குத் தலைவராய் வந்தார். 1790இல் ஆங்கிலேயர் கைப்பற்றினர். ஆண்டவர்கள் போய்விட்டனர், பாறை இருக்கிறது.

எங்கள் அத்தை அப்பாறையின் நிழலில் தனியே வாழ்கிறார். பிள்ளைகள் கடல் கடந்து போய்விட்டனர். மறுநாள் விடியலில் அவர் கைப்பிடித்துப் புனித சூசையப்பர் பேராலயத்திற்குச் சென்றோம். 2003இல் திண்டுக்கல் தனி மறைமாவட்டமானபோது அத்தை மகிழ்ந்த கதையை வழியெல்லாம் கேட்டோம். "எங்களோடு வந்துவிடுங்கள் அத்தை" என்று மன்றாடினோம். அவர் சிரித்தாரேயன்றி இசையவில்லை.

வீட்டுக் கதவில் தொங்குவது கைவேலையாய்ச் செய்த பழைய மாங்காய்ப் பூட்டு. திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால், இயந்திரப் பூட்டுகள் மலிந்துவிட்டபடியால் அரம் பிடிக்கும் கைகள் குறைந்து வருகின்றன. அந்தப் பூட்டுக்கு இரண்டு சாவிகள். புறப்படும் மாலையில் அத்தை ஒன்றை எங்கள் உள்ளங்கையில் வைத்தார்.

"வச்சுக்கங்க ராசா. அடுத்த தடவை இதை வச்சுத் திறக்க வருவீங்களா, பூட்ட வருவீங்களா?"

எங்களுக்கு வாய் எழவில்லை. அவர் நெற்றியில் சிலுவையிட்டு அனுப்பினார்.

திரும்பும் வழியில் கட்டுநாயக்காவில் பையைச் சோதித்த அலுவலர், கனத்த அந்த இரும்புச் சாவியை எடுத்துப் பார்த்தார். "வீட்டுச் சாவியா?" என்றார். "ஆம்" என்றோம். பல ஆண்டுகளாக வேறொரு நாட்டில் வாடகை கொடுத்து வாழும் எங்களுக்கு அச்சொல் புதிதாய் ஒலித்தது.

அடுத்த விமானத்திற்கு மூன்று மணி நேரம் இருந்தது. பெரிய முடிவு எதையும் நாங்கள் எடுத்துவிடவில்லை. ஆனால், மார்ச் 19, சூசையப்பர் திருநாளுக்குக் குடும்பத்தோடு திண்டுக்கல்லில் இருப்பது என்று அங்கேயே உறுதி செய்தோம். தொலைபேசியில் அத்தையிடம் ஒன்றே சொன்னோம்: "திறக்கத்தான் வருகிறோம் அத்தை."

அன்பர்களே, உங்கள் கையிலும் இத்தகைய சாவி ஒன்று இருக்கலாம். அது துருப்பிடிக்குமுன் ஒருமுறை போய்த் திறந்துவிட்டு வாருங்கள்.