கோழிக்கு மஞ்சள், எனக்குப் பொறுமை

பிராய்லர் பண்ணையில் கோழியோடு பயமும் சேர்ந்தே வளரும். குஞ்சு இறக்கிய நாளிலிருந்து லாரி வந்து ஏற்றிப்போகிற வரை, ஐந்தாறு வாரமும் தூக்கத்திலும் காது ஷெட்டில்தான் இருக்கும். பல்லடம் பக்கம் பெரும்பாலும் ஒப்பந்தப் பண்ணைகள். குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனி கொடுத்துவிடும். வளர்க்கிறவருக்கு வளர்ப்புக் கூலி. நான் சொந்தமாகக் குஞ்சு வாங்கி வளர்க்கிறவன். மொத்தச் செலவில் மூன்றில் இரண்டு பங்கு தீவனத்துக்கே போய்விடும். கோழி தும்மினால் என் சட்டைப்பையே தும்முகிற மாதிரி இருக்கும்.

அந்தப் பயத்துக்குக் கைகண்ட வழியாக எங்கள் தொழிலில் இருந்தது ஆன்டிபயாட்டிக். நோய் வந்தால் ஒன்று, வராமலிருக்க ஒன்று, வளர்ச்சிக்கென்று தீவனத்தில் கொஞ்சம். வளர்ச்சிக்காகக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006-லேயே முழுதாக நிறுத்திவிட்டது. இங்கே 2019 ஜூலையில், கோழிக்கும் கால்நடைக்கும் கோலிஸ்டின் விற்கக்கூடாது என்று மத்திய அரசு தடை போட்டது. வேறு எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி தாக்கிய நோயாளிக்கு ஆஸ்பத்திரியில் கடைசியாக எடுக்கிற மருந்து அது. அதைத் தீவனத்தில் கலப்பது அதுவரை எங்களுக்குச் சாதாரண விஷயம்.

அதன் பிறகுதான் மூலிகைப் பக்கம் வந்தேன். மஞ்சள்தூள், மிளகு, சீரகம், பூண்டு, நிழலில் காயவைத்த கீழாநெல்லி. மாட்டுக்கும் கோழிக்கும் கால்நடை மருத்துவப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி ஊர் ஊராகப் பரப்பிய கைமருத்துவத்தில் புழங்குகிற சரக்குகள்தான். மஞ்சளில் உள்ள குர்குமின் குடலில் லேசில் உறிஞ்சப்படாது. மிளகின் பைப்பரின் கூட இருந்தால் கூடுதலாக உடம்பில் சேரும். காரச் சரக்கு பித்தநீரையும் செரிமான நொதிகளையும் தூண்டிவிடும். ஒரு டன் தீவனத்துக்கு மஞ்சள் 5 கிலோ, அதாவது அரை சதவீதம். அதை நான் தாண்டுவதில்லை. நல்லதுதானே என்று வேப்பிலையைக் கூட்டினால் கசப்பில் கோழி தீவனத்தைத் தொடாது. முருங்கை இலையை அள்ளிப்போட்டால் நார்ச்சத்து ஏறி எடை இறங்கும். சரக்கு சரியாகக் காயாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். அந்த நஞ்சு நேரே ஈரலைத்தான் கெடுக்கும். கஷாயமாகத் தண்ணீரில் விட்டால் வண்டல் போய்க் கோழி தண்ணீர் குடிக்கிற நிப்பிளை அடைக்கும். ஆகவே பொடியாகத் தீவனத்தில் கலப்பதோடு சரி.

“எடை கூடுதா?” எல்லோரும் கேட்பது இதைத்தான். ஒரே ஹேச்சரிக் குஞ்சை இரண்டு ஷெட்டில் விட்டு, ஒன்றில் மட்டும் மூலிகை கலந்து பார்த்தேன். தராசில் சொல்லும்படி வித்தியாசமில்லை. சுத்தமும் காற்றோட்டமும் சரியாக உள்ள ஷெட்டில் இவை எடையில் பெரிதாகக் காட்டாது என்றார் எங்கள் கால்நடை டாக்டர். பிறகு ஏன் விடாமல் கலக்கிறேன் என்பதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. முதலில் குணம் தெரிந்தது எனக்கு.

ஒரு மழைக்கால பேட்ச். ராத்திரி லைட்டை அணைத்துவிட்டு ஷெட்டுக்குள் அசையாமல் நின்றேன். கோழி அடங்கியபின் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சளிச் சத்தம். காலையில் டாக்டர் வந்தார். செத்த கோழியைச் சாக்கின்மேல் கிடத்தி அறுத்துக் காட்டினார். காற்றுப்பை லேசாக மங்கியிருந்தது. ஈரல்மேல் வெள்ளைப் படலம் இல்லை, அதாவது நோய் இன்னும் முற்றவில்லை. அப்புறம் ஷெட் தரையில் பரப்பியிருந்த தேங்காய் மஞ்சியில் ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடித்துக் கையை விரித்தார். உதிரவில்லை, உருண்டையாக நின்றது.

“பக்கப் படுதாவை ஏத்தி விடுங்க, காத்து வரட்டும். ஈர மஞ்சியை அள்ளிட்டுக் காய்ஞ்சதைப் போடுங்க. மூலிகை எப்பவும்போலப் போகட்டும். ரெண்டு நாள் பாத்துட்டு மருந்தை யோசிப்போம்.”

“ரெண்டு நாள் சும்மா இருக்கச் சொல்றீங்களா டாக்டர்?”

“சும்மா எங்கீங்க இருக்கப் போறீங்க? இதையெல்லாம் செய்யறதுக்கே பொழுது சரியாப் போயிருமுங்க.”

அப்படியே ஆயிற்று. கண்ணைக் கரித்த அம்மோனியா வாடை குறைந்தது, சத்தமும் அடங்கியது. மூலிகையாலா, காற்றாலா? காற்றுக்குத்தான் பெரும்பங்கு என்று நினைக்கிறேன். ஆனால் ‘ஏதோ கொடுத்துக்கொண்டிருக்கிறோம்’ என்கிற தெம்பு இல்லாவிட்டால், அன்றைக்கே மருந்துக்கடைக்கு வண்டியை எடுத்திருப்பேன். கையைக் கட்டிக்கொண்டு நோயைப் பார்த்திருப்பது பண்ணைக்காரனால் ஆகாத காரியம். அந்தக் கைக்கு மூலிகை ஒரு வேலை கொடுக்கிறது. அந்த இடைவெளியில் கண் தரையையும் படுதாவையும் பார்க்கப் பழகுகிறது. எடை அதே எடைதான். மருந்துக்கடைப் பாக்கிதான் இளைத்துவிட்டது.

இதற்கு ஒரு எல்லை உண்டு. வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பூசியைத் தவிர வேறு காவல் இல்லை. ரத்தக் கழிச்சல் இறங்கிவிட்டால் மஞ்சளை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. டாக்டர் மருந்து என்று சொன்னால் முழு அளவு, சொன்ன நாள்வரை. விற்பனைக்கு முன் விடவேண்டிய இடைவெளியும் விட்டாக வேண்டும்.

‘மருந்தில்லாக் கோழி’ என்று போர்டு மாட்டுங்கள், கிலோவுக்கு நாலு காசு கூடக் கிடைக்கும் என்கிறார்கள். மாட்டவில்லை. போர்டை மாட்டிவிட்டால், நாளைக்கு நோயில் விழுகிற கோழிக்கு மருந்து கொடுக்கும்போது அந்த நாலு காசு நினைப்புக்கு வரும். ஏற்கெனவே இருக்கிற பயமே போதும்.