பின்னால் யார் ஏறுகிறார்கள்?

போடிநாயக்கனூரில் ஒரு பட்டறைக்குள் நுழைந்தபோது ஜீப் ஜாக்கியில் நின்றது. பின்சக்கரங்களைக் கழற்றியிருந்தார்கள். கமான் பட்டைக் கட்டு தரையில் கிடந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக ஏழு பட்டைகள், இடுக்கெல்லாம் காய்ந்த செம்மண். ஜீப்காரர் இளைஞர். போடிமெட்டு ஏறி, பூப்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குத் தினமும் ஆள் ஏற்றிப் போகிறவர். தோட்டத்துப் பாதையில் அடிப்பாகம் கல்லில் இடிக்கிறதாம்.

"ரெண்டு கனப்பட்டை சேத்து ஏத்தி விட்டுருங்கண்ணே."

பட்டறைக்காரர் கட்டைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "பின்னால யாருப்பா ஏறுவா?"

"காய் எடுக்குற பொம்பளையாளுகதான்."

"அப்பப் பட்டை சேக்க வேணாம். இருக்குறதையே வளைச்சுத் தாரேன்."

உயரத்தையும் விறைப்பையும் நாம் ஒன்றாகவே நினைத்துவிடுகிறோம். பட்டையின் கனம் கொஞ்சம் கூடினாலும் விறைப்பு வெகுவாக ஏறும். 6 மில்லிமீட்டர் பட்டையைவிட அதே நீள அகலமுள்ள 8 மில்லிமீட்டர் பட்டை இரண்டு மடங்குக்கும் மேல் விறைப்பு. வண்டி உயரும்தான். ஆனால் பட்டை வாங்காத குலுக்கலை எல்லாம் பின்னால் பலகையில் உட்கார்ந்திருப்பவர்களின் இடுப்பு வாங்கும். வளைவை மட்டும் கூட்டினால் உயரம் கிடைக்கும், விறைப்பு பழையபடியே இருக்கும். அதற்குத்தான் கைவேலை வேண்டும்.

சென்டர் போல்ட்டைக் கழற்றியதும் பட்டைகள் சடசடவென்று பிரிந்தன. இடைவெளி விட்டுப் பதித்த இரண்டு இரும்புக் கட்டைகளின்மேல் ஒரு பட்டையைக் குழிப்பக்கம் மேலே வரும்படி வைத்தார். உதவிக்கு நின்ற பையன் சம்மட்டியை இறக்க, அவர் ஒவ்வோர் அடிக்கும் பட்டையை விரலளவு நகர்த்தினார். ஒரே இடத்தில் இரண்டு அடி விழக் கூடாது. விழுந்தால் அங்கே மடிப்பு விழும். பின்னாளில் மடிப்பிலேதான் ஒடியும். உலை ஒன்று மூலையில் இருந்தது. ஆனால் இந்த வேலைக்கு அதை மூட்டுவதில்லை. எண்ணெயில் தோய்த்துப் பதமேற்றிய எஃகு இது. சூடு காட்டினால் அந்தப் பதம் போய்விடும், மறுபடி ஏற்றுவது எளிதல்ல. குளிர அடித்த வளைவு ஓட ஓடக் கொஞ்சம் இறங்கும் என்பதால், கேட்டதைவிடச் சற்றுக் கூடுதலாகவே வளைக்கிறார்.

ஒவ்வொன்றையும் அதன் மேல்பட்டையோடு சேர்த்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். குட்டையான பட்டைக்குச் சற்று அதிக வளைவு வேண்டும். நடுவில் மெல்லிய ஒளிக்கீற்று தெரிந்தால் சரி. போல்ட்டை முறுக்கும்போது அந்த இடைவெளி மூடி, கட்டு முழுவதும் ஒரே உடம்பாக இறுகும். கண் உள்ள மெயின் பட்டையின் பாரத்தைக் கீழ்ப்பட்டைகள் பங்கு போட்டுக்கொள்ளும். கமான் என்றால் பாரசீகத்தில் வில். இந்தப் பெயர் வைத்தவர் இப்படி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

பட்டையைச் சட்டத்தோடு கோக்கும் ஷேக்கிளை நீட்டினாலும் வண்டி உயரும், இரண்டு இஞ்ச் நீட்டினால் ஒரு இஞ்ச். அதை அவர் செய்வதில்லை. "இன்னும் ஒரு இஞ்ச் கூடுதலா?" என்று ஜீப்காரர் இழுத்தபோது தலையசைத்து மறுத்தார். மெட்டில் 17 கொண்டை ஊசி வளைவுகள். உயர உயர வண்டி சாயும். புரொப்பலர் ஷாஃப்ட்டின் சாய்வு கூடி, அதன் மூட்டிலுள்ள கிராஸ் தேயும். பிரேக் ஹோஸ் இழுபடும்.

பட்டைகளுக்கிடையே கிராஃபைட் கிரீஸ் தடவிக் கட்டி ஏற்றி, வண்டியைத் தரையில் இறக்கிய பிறகுதான் யூ போல்ட்டைக் கடைசியாக முறுக்கினார்கள். நாலு நாள் ஓட்டிவிட்டு மறுபடி முறுக்க வரச் சொன்னார்.

சாவியை ஜீப்காரரிடம் கொடுக்கவில்லை. தானே ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார்.

"நீ பின்னால ஏறு."

ஜல்லி பரப்பிய ஓடைப்பாதையில் ஜீப் இறங்கியது. பின்பலகையில் ஜீப்காரர் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அது அவருடைய வண்டிதான், ஆனால் அந்தப் பலகையில் அவர் உட்கார்ந்தது அன்றுதான் முதல்முறையாம்.