தூர்ஸினாயின் மஞ்சள் மலர்

சில ஆண்டுகளுக்கு முன் மத்ரஸாவில் 'வத்தீனி' அத்தியாயத்திற்குப் பொருளுரைத்துக் கொண்டிருந்தேன். அத்தியும் ஒலிவமும் கடந்து தூர்ஸினீன் வந்தது. ஒரு சிறுவன் எழுந்து, "ஹஜ்ரத், அந்த மலையில் இப்போது என்ன முளைக்கிறது?" என்று வினவினான். 'ஸினீன்' என்பதற்கு மரஞ்செறிந்த மலை எனப் பொருள் கண்ட விரிவுரையாளர்களை நான் அறிவேன். அவன் கேட்டதற்கு மட்டும் என்னிடம் விடையில்லை. "பாடத்தைக் கவனி" என்று அதட்டி அமர்த்தினேன். அறியாமையை அதட்டலால் மூடிய அந்தச் செயல் இன்றும் என் நெஞ்சை உறுத்துகிறது.

பின்னர் தேடிப் படித்தேன். எகிப்தின் தென் ஸினாயில், தூர்ஸினா என மரபாகக் கருதப்படும் மலையும் அதனைச் சூழ்ந்த மலைகளும் உள்ளன. அங்கன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத சிறு செடியொன்று அங்கே உண்டு. தாவர நூலார் அதனைப் 'ப்ரிமுலா போவியானா' என்பர். இலைகளில் மாவு தூவியது போன்ற வெண்மை. தண்டில் அடுக்கடுக்காக வளையமிட்ட மஞ்சள் பூக்கள். பனியும் மழையும் பாறைப் பிளவுகளில் இறங்கிக் கசியும் சரிவுகளே அதன் இருப்பிடம். பிற செடியின் மகரந்தமின்றியும் அது வித்தீனும். ஆயினும் கசிவு வற்றிவிட்டால் அவ்வாற்றலால் பயனில்லை. மழை பொய்த்ததாலும் கால்நடைகள் மேய்ந்ததாலும் அஃது அழிவின் விளிம்பில் நிற்கிறது. அம்மலைப் பகுதியை எகிப்து அரசு காப்பகமாக்கியது. யுனெஸ்கோ 2002இல் உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது.

அரசாணைகளுக்கு நெடுங்காலம் முன்பே அங்குள்ள பதூ அரபிகளிடம் ஒரு வழக்கம் இருந்தது. குறித்த மேய்ச்சல் நிலத்தில் குறித்த காலம்வரை எவரும் கால்நடைகளை விடலாகாது எனக் குலத்தார் கூடி முடிவு செய்வர். அதற்கு 'ஹில்ஃப்' என்று பெயர்.

அச்சொல்லைக் கண்டதும் திகைத்தேன். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இளமையில் பங்கேற்ற 'ஹில்ஃபுல் ஃபுளூல்' உடன்படிக்கையை ஆண்டுதோறும் நடத்துபவன் நான். வலியோர் பறித்த உரிமையை எளியோர்க்கு மீட்டுத்தரும் உறுதிமொழி அது. வாய்பேசா ஒரு செடிக்கும் அத்தகைய எளியோரின் உரிமை உண்டென்று எனக்குத் தோன்றியதே இல்லை.

மக்காவின் ஹரம் எல்லைக்குள் தானாக முளைத்ததை வெட்டலாகாது என்ற சட்டத்தையும் ஓதிக் கொடுத்திருக்கிறேன். வீட்டுக்கும் கப்றுக்கும் தேவையென்று அப்பாஸ் (ரலி) அவர்கள் வேண்டியதால் 'இத்கிர்' புல்லுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. தேவைக்கு இடமளித்து, வீணழிவைத் தடுக்கும் நெறி அது. நானோ மீறியவனுக்குரிய பரிகாரத்தையே விளக்கினேன். சட்டம் யாரைக் காத்தது என்பதைச் சொல்லாமல் விட்டேன்.

அந்தச் சிறுவன் ஓதி முடித்துப் போய்விட்டான். இப்போது அப்பாடம் வரும்போதெல்லாம், எவரும் கேட்குமுன்பே அம்மஞ்சள் மலரைப் பற்றிக் கூறுகிறேன். அவனுக்குரிய விடையைப் பிறர்க்குச் சொல்வதால் என் கடன் தீர்ந்துவிடவில்லை. மலையின் பெயரை ஓதுவோர்க்கு அம்மலையில் உயிர்வாழ்வதன்மீதும் கடமையுண்டு என்பதை எனக்குக் கற்பித்தவன் அவன்.