தண்ணீர் முதலில் தண்ணீர்

பள்ளியில் அணியிலக்கணம் படித்துவிட்டு நாவலுக்கு வருகிறவர்களுக்கு ஒரு திகைப்பு உண்டு. செய்யுளில் அணி இருக்கும் இடத்தை விரல் வைத்துக் காட்டிவிடலாம். காற்றில் அசையும் மதுரைக் கோட்டைக் கொடிகள், கோவலனையும் கண்ணகியையும் ‘வராதீர்கள்’ என்று மறித்தன என்றால் அது தற்குறிப்பேற்றம். பெயரும் உண்டு, இலக்கணமும் உண்டு, அதற்கு மதிப்பெண்ணும் உண்டு. நாவலில் விரல் வைக்க அப்படி ஒரு வரி அகப்படாது. எங்கள் காலத்தில் நாவல் ‘நான்-டீடெயில்’ என்ற பெயரில் வகுப்புக்குள் வந்தது. கதைச் சுருக்கம் கேட்டார்கள், பாத்திரப் படைப்பு கேட்டார்கள். கதை எப்படிச் சொல்லப்பட்டிருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி, உரையும் ஆசிரியரும் இல்லாமல் தனியாக வாசிக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கு வந்தது. அதைக் கொண்டுவந்தது அசோகமித்திரனின் ‘தண்ணீர்’.

1973இல் புத்தகமான சிறிய நாவல் அது. சென்னையில் தண்ணீர் வராத ஒரு தெரு. அங்கே ஒண்டுக்குடித்தனத்தில் இருக்கும் ஜமுனா, அவள் தங்கை சாயா. சினிமா ஆசை காட்டி ஜமுனாவைக் காரில் அழைத்துப் போகும் பாஸ்கர் ராவ். அதே தெருவில் ஒரு டீச்சரம்மா. ஜெமினி ஸ்டுடியோவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர் எழுதியது என்றாலும் சினிமாவின் பளபளப்பு எதுவும் நடையில் ஒட்டவில்லை. உவமை தேடினால் கிடைப்பது அரிது. வாக்கியங்கள் சின்னவை. யாரோ குடத்தை எடுக்கிறார்கள், யாரோ பம்பை அடிக்கிறார்கள், பேசுகிறார்கள், போகிறார்கள். அணி தேடிப் பழகிய கண்ணுக்கு இங்கே ஒன்றுமே இல்லை என்றுதான் படும். ஆனால் புத்தகத்தை மூடிய பிறகு நெஞ்சில் ஏதோ கனக்கிறது. அந்தக் கனம் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போவதைத்தான் உத்தியைக் கண்டுகொள்வது என்கிறேன். வேறு எந்த நோக்கத்துக்காகவும் உத்தி தேட வேண்டியதில்லை.

‘தண்ணீர்’ என்றவுடன் ‘குறியீடு’ என்று எழுதிவிடுகிறார்கள். தண்ணீர் என்றால் ஈரம், ஈரம் என்றால் அன்பு, வறட்சி என்றால் மனித உறவின் வறட்சி. தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் அப்படி எழுதி முடித்த கணத்திலேயே குடம் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. 2019 கோடையில் அந்த நாவலைத் திரும்ப எடுத்தேன். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் எல்லாம் வறண்டுபோய், ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்த வருஷம் அது. எங்கள் தெருவில் லாரி எப்போது வரும் என்று பெண்கள் தூக்கம் கெட்டுக் காத்திருந்தார்கள். அந்த நாட்களில் வாசித்தபோது தண்ணீர் எதற்கும் குறியீடாகத் தோன்றவில்லை. அது தண்ணீராகவே இருந்தது. யாரிடம் இருக்கிறது, யாரிடம் இல்லை, யார் யாருக்காகச் சுமக்கிறார்கள் என்பவைதான் கேள்விகளாக எழுந்தன.

அந்தக் கேள்விகளைப் பிடித்துக்கொண்டு போனால் நாவல் தானாகத் திறந்துகொள்கிறது. வீட்டுக்கார அம்மாள் தண்ணீரை எப்படிச் சேர்த்துவைக்கிறாள், குடியிருப்பவர்களுக்கு என்ன மிஞ்சுகிறது என்று பார்த்தால் அந்த வீட்டின் அதிகாரம் முழுவதும் விளங்கிவிடும். குடத்தோடு வரிசையில் நிற்பவர்கள் பெண்கள். பாஸ்கர் ராவ் காரில் வந்து இறங்குகிறான். இதை ஆசிரியர் எங்கும் சுட்டிக்காட்டுவதில்லை, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறார். எத்தனையோ அல்லலுக்குப் பிறகு குழாயில் தண்ணீர் வரும்போது அதில் சாக்கடை கலந்திருக்கிறது. அதைப் பற்றி அவர் கருத்து எதுவும் சொல்வதில்லை. இன்னொருவராக இருந்தால் அந்த இடத்தில் ஒரு பத்தி புலம்பியிருப்பார். அசோகமித்திரனிடம் நான் கற்றது இதுதான்: எழுதியவர் பேசியிருக்கக்கூடிய இடத்தில் பேசாமல் விட்டிருந்தால், அங்கே நின்று பார்க்க வேண்டும். உத்தி பெரும்பாலும் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

இப்படிச் சொல்லாமல் உணர்த்துவதற்கு நம் மரபில் உள்ளுறை என்று பெயர் உண்டு. தொல்காப்பியர் அதைப் பற்றிச் சொல்லும்போது, தெய்வம் தவிர்த்த கருப்பொருள்களை இடமாகக் கொண்டே அது வரும் என்கிறார். அதாவது அந்த நிலத்து மரம், விலங்கு, பறவை, தொழில். மருதத்து எருமை பொய்கையில் இறங்கிப் பூவை மேய்ந்தால் தலைவனின் ஒழுக்கம் நமக்குப் புரிகிறது. ஆனால் அந்த எருமை கடைசிவரை எருமையாகவே இருக்கும், அதன் வயிறு நிஜமாகவே நிறையும். தெய்வத்தை ஏன் விலக்கினார் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அன்றாடம் கண்ணில் படும் ஒன்றில்தான் மறைபொருள் சத்தமில்லாமல் தங்க முடியும் என்று எனக்குப் படுகிறது. சென்னைத் தெருவுக்கு அடிபம்பும் குடமும் கருப்பொருள்கள். நாவலில் உத்தி பார்க்க வருகிறவர்கள் மேல்நாட்டுக் கலைச்சொற்களோடு மட்டும் வரவேண்டும் என்பதில்லை. நம் வீட்டிலேயே கூர்மையான கருவிகள் இருக்கின்றன.

முதல் வாசிப்பில் நான் பென்சில் எடுப்பதில்லை. கதையின் இழுப்பு எழுதியவர் உண்டாக்கியது. அதற்கு உட்படாமல் அது எப்படி இழுக்கிறது என்று அறிய முடியாது. இரண்டாம் வாசிப்பில், திரும்ப வரும் பொருளுக்கு ஓரத்தில் ஒரு சிறு கோடு. ‘இங்கே ஏன் நிறுத்தினார்?’, ‘இதை யார் பார்க்கிறார்?’ என்று பேச்சுத் தமிழில் ஒரு கேள்வி. அதன் பெயர் முன்னறிகுறியா, முரண்நகையா என்பதெல்லாம் பிறகு வந்துகொள்ளட்டும். பெயரை முதலில் வைத்துக்கொண்டு தேடினால், தேடியது மட்டும்தான் கிடைக்கும்.

யார் சொல்கிறார் என்ற கேள்வியின் பலனை சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’யில் முழுதாக உணர்ந்தேன். 1966இல் வந்த நாவல். முன்பகுதியில் பழங்கதைகளை தாமோதர ஆசான் சொல்கிறார். கேட்டுக்கொண்டிருக்கும் இளைஞர்களில் ஒருவன் அதை நமக்குச் சொல்கிறான். ஆசான் சொல்வதில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு அவர் கைச்சரக்கு என்று பிரிக்க முடியாது; பிரிக்கவும் தோன்றாது. பின்பகுதியில் ஆசான் இல்லை. கடைகள், நகராட்சித் தேர்தல், தாமு, காதர், பத்திரிகை நிருபர் இசக்கி. மரம் அதே மரம், அதைப் பற்றிப் பேசும் வாய் மாறிவிட்டது. வாய்மொழிக் கதையில் உயிரோடு இருந்த மரம், செய்தித்தாளும் அரசியலும் வந்த பிறகு விவகாரமாகிவிடுகிறது. ஒரு ஊர் தன் மரத்தை எப்படி இழந்தது என்பதை சம்பவங்களைவிடச் சொல்முறையின் மாற்றமே அழுத்தமாகச் சொல்கிறது. மரம் எதன் குறியீடு என்று வாதாடிக்கொண்டே இருக்கலாம். எனக்கு ஆசான் போன பிறகு வரும் அந்த வெறுமைதான் நாவலின் உயிர்.

எல்லா உத்தியும் கலைத் தேர்விலிருந்து மட்டும் பிறப்பதில்லை, வெளியான விதமும் அதை உண்டாக்கும். ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் ‘கல்கி’யில் வாராவாரம் வந்தது. அத்தியாயம் முடியும் இடத்தில் கதவு தட்டப்படுவதும், முகம் தெரியாத ஒருவர் வந்து நிற்பதும் அடுத்த வாரம்வரை வாசகரைக் கட்டிவைப்பதற்காக. இன்று ஐந்து பாகங்களையும் ஒரே மூச்சில் வாசிப்பவருக்கு அந்த முடிச்சுகள் வேறு விதமாக வேலை செய்கின்றன. அது தெரிந்தால் கல்கியின் கைத்திறன்மீது மதிப்பு கூடவே செய்கிறது.

தமிழ் இலக்கியம் படிக்கும் என் அக்கா மகள் பூமணியின் ‘வெக்கை’யை வாசித்துவிட்டு ஒருநாள் கேட்டாள்: “சித்தி, இதுல உத்தின்னு எதைச் சொல்றது? எல்லாம் வெறும் பேச்சாத்தானே இருக்கு?”

‘அசுரன்’ படம் பார்த்துவிட்டு நாவலுக்கு வந்தவள் அவள். 1982இல் எழுதப்பட்ட அந்த நாவல் தொடங்கும்போதே சிதம்பரம் வெட்டிவிட்டு ஓடிக்கொண்டிருக்கிறான். பதினைந்து வயதுப் பையன். கையை மட்டும் வெட்ட நினைத்தான், ஆள் செத்துவிட்டான். பிறகு தகப்பனும் மகனும் காட்டிலும் மேட்டிலும் மறைந்து திரிவதுதான் கதை.

“சிதம்பரத்தோட அண்ணன் செத்த கதை உனக்கு எப்போ தெரிஞ்சுது?” என்று கேட்டேன்.

புரட்டிப் பார்த்தாள். வெகுநேரம் புரட்டினாள். “ஒரே இடத்துல இல்ல சித்தி. அங்கங்க துண்டு துண்டா வருது.”

“ஏன் முழுசாச் சொல்லலை?”

அவள் யோசித்துச் சொன்ன பதில் எந்தக் கையேட்டிலும் நான் காணாதது. அய்யாவுக்கும் மகனுக்கும் நடந்தது எல்லாமே தெரியும், தெரிந்ததை ஒருவருக்கொருவர் எதற்கு விளக்கிச் சொல்ல வேண்டும் என்றாள். ஒளிந்திருக்கிற இரண்டு பேர் பேசுவதைப் பக்கத்துப் புதரில் இருந்து நாம் ஒட்டுக்கேட்கிறோம். கேட்டதை வைத்து நாமே கோத்துக்கொள்கிறோம். “அதனாலதான் நாமளும் அவங்களோட ஒளிஞ்சுக்கிட்டு இருக்கிற மாதிரி இருந்துச்சு” என்றாள். இதற்கு ஒரு பெயர் வேண்டுமா என்று கேட்டாள். பரீட்சைக்கு வேண்டுமானால் பின்னோக்கு உத்தி என்று எழுதிக்கொள், ஆனால் இப்போது நீ சொன்னதையும் அதன் கீழே எழுது என்றேன். எழுதிவிட்டு, அதே ஆசிரியரின் ‘பிறகு’ உன்னிடம் இருக்கிறதா சித்தி என்று என் அலமாரியைத் துழாவப் போனாள்.