தண்ணி திரும்பும் நேரம்

பிச்சாவரத்தில் படகு ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த என் கையில் சித்தப்பா உடனே துடுப்பைத் தரவில்லை. சுரபுன்னை வேர்களைப் பார்க்கச் சொன்னார். வேரில் சிப்பி ஒட்டியிருக்கும் உயரம் வரை தினமும் தண்ணீர் வந்துபோகிறது. அதற்குக் கீழே எத்தனை விரல் ஈரச்சேறு தெரிகிறதோ, அவ்வளவு வடிந்திருக்கிறது.

இந்தக் கரையில் ஓதம் சிறியது. அமாவாசை, பௌர்ணமிக்குக்கூட ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டருக்குள்தான் வித்தியாசம். குஜராத்தின் காம்பே வளைகுடாவில் அது 10 மீட்டரைத் தாண்டும். ஆனால் இங்கே இடுப்பளவுத் தண்ணீர்கூட இல்லாத வாய்க்காலில் இரண்டு சாண் இறங்கினாலே படகு சேற்றில் அமர்ந்துவிடும்.

"ஏத்த நேரத்தை தினம் ரெண்டு நாழிகை தள்ளிப் போடுடா" என்பார் சித்தப்பா. இரண்டு நாழிகை என்றால் 48 நிமிடம். பூமி ஒருமுறை சுழன்று முடிப்பதற்குள் நிலா தன் பாதையில் சற்று முன்னே போய்விடுகிறது. மறுபடி அது நம் தலைக்கு நேரே வர சுமார் 24 மணி 50 நிமிடம் ஆகிறது. அதற்குள் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். பஞ்சாங்கக் கணக்கு இரண்டு நிமிடம்தான் பிசகுகிறது! அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியனின் இழுப்பும் நிலாவோடு சேர்ந்துகொள்வதால் ஏற்றம் பெரிது. அஷ்டமியை ஒட்டி இரண்டும் குறுக்கும் நெடுக்குமாக இழுப்பதால் தண்ணீர் சோம்பிக் கிடக்கும்.

துறைமுகங்களுக்கான ஓத அட்டவணையை சர்வே ஆஃப் இந்தியா ஆண்டுதோறும் வெளியிடுகிறது. கைப்பேசியிலும் நேரம் பார்க்கலாம். சுரபுன்னைக் காட்டுக்குள் அது அப்படியே செல்லாது. குறுகலான முகத்துவாரத்தில் நுழைந்து, கிளைக் கிளையாகப் பிரிந்து வரும் ஏற்றம் ஒவ்வொரு வாய்க்காலுக்கும் ஒவ்வொரு அளவில் பிந்துகிறது. எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்தது இதுதான். கடல் இறங்கத் தொடங்கிய பிறகும் முகத்துவாரத்தில் நீரோட்டம் உள்நோக்கியே போய்க்கொண்டிருக்கும், உள்ளே இன்னும் நிரம்பவில்லையே! மட்டம் உச்சிக்கு வருவது ஒரு நேரம், ஓட்டம் திரும்புவது வேறொரு நேரம். துடுப்புப் போடுகிறவனுக்கு இரண்டாவதுதான் முக்கியம். மட்டத்தை வேர் சொல்லும். ஓட்டத்துக்கு மிதக்கும் தில்லை மரத்து இலையைப் பார்க்க வேண்டும். அது நின்று, மெல்லத் திரும்பும் வரை சித்தப்பா படகை அவிழ்க்க மாட்டார்.

ஐப்பசி, கார்த்திகையில் கணக்கு மாறும். அப்போது இந்தக் கரையோரம் கடல்மட்டமே உயர்ந்திருக்கும். கொள்ளிடத்திலும் வெள்ளாற்றிலும் வெள்ளம் வந்தால், வேரில் மட்டம் ஏறிக்கொண்டிருக்கும்போதே மேல்தண்ணீர் கடலைப் பார்த்து ஓடும். கனமான உப்புத்தண்ணீர் அடியில் உள்ளே நுழையும். அந்த நேரத்தில் இலையை மட்டும் நம்பக் கூடாது, கோலை ஆழ ஊன்றி அடியோட்டம் எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று பார்க்க வேண்டும்.

அந்த மாதங்களில் சித்தப்பா என்னைத் தனியே விடுவதில்லை. வரும் ஐப்பசியில் கோல் எனக்கு என்று சொல்லியிருக்கிறார். துடுப்பு அவரிடம் இருக்கும்.