காட்டுப்பள்ளிச் சாலையில் காற்று எத்தனை பவுண்டு?

மீஞ்சூரிலிருந்து காட்டுப்பள்ளிக்குச் செல்லும் சாலையில் கன்டெய்னர் லாரிகள்தான் ராஜா. மேற்கே கொசஸ்தலை ஆற்றின் உப்பங்கழி, கிழக்கே வங்கக் கடல், நடுவில் ஒரு மணல் நாக்கு. அதன்மேல் துறைமுகம், கப்பல் கட்டும் தளம், கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் என வரிசையாக நிற்கின்றன. சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்சார ரயிலில் ஏறி மீஞ்சூரில் இறங்கினால், மீதித் தூரத்தைச் சாலையில் கடக்க வேண்டும். சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் இங்கே திரும்பாமல் பழவேற்காட்டுக்குப் போய்விடுவார்கள். ஆனால், காற்றை அடைத்துவைத்து வேலை வாங்குவது எப்படி என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல சாலை கிடையாது.

அது யாருக்குத் தேவை? பெயின்ட்பால் ஆட ஆரம்பித்து, வாடகைத் துப்பாக்கி போதாமல் சொந்தமாக ஒரு மார்க்கரும் அதற்கான காற்று டேங்கும் வாங்க நினைக்கும் இளைஞர்களுக்குத் தேவை. அவர்களைப் பெற்றவர்களுக்கு அதைவிட அதிகமாகத் தேவை. மகன் ஆன்லைனில் தேடும் அந்தச் சின்ன உருளைக்குள் 4,500 பவுண்டு அழுத்தம் இருக்கும் என்பது பல வீடுகளில் தெரியாது.

பஞ்சர் கடையிலிருந்து கப்பல் வரை

பவுண்டு என்றால் என்ன என்பதைச் சாலையோரப் பஞ்சர் கடையிலேயே கற்றுக்கொள்ளலாம். ஒரு சதுர அங்குலத்தில் எத்தனை பவுண்டு எடை அழுத்துகிறது என்பதே அந்தக் கணக்கு. கார் டயருக்கு 30 சொச்சம், கன்டெய்னர் லாரி டயருக்கு 110, 120. லாரியின் ஏர் பிரேக் டேங்கும் அதே அளவை ஒட்டித்தான் இருக்கும். 'புஸ்' என்ற சத்தத்தோடு லாரி நிற்பது அந்தக் காற்றின் தயவு.

அடுத்தது கப்பல். பெரிய கப்பலின் டீசல் இன்ஜினைக் கிளப்புவது பேட்டரி அல்ல, காற்று. சுமார் 430 பவுண்டில் அடைத்துவைத்த காற்றைச் சிலிண்டருக்குள் விட்டு பிஸ்டனைத் தள்ளுவார்கள். காட்டுப்பள்ளி எல் அண்ட் டி தளத்தில்தான் கடலோரக் காவல் படையின் 'விக்ரம்' ரோந்துக் கப்பல் உருவாகி, 2018-ல் பணியில் சேர்ந்தது. 2022 ஆகஸ்ட்டில் அமெரிக்கக் கடற்படையின் 'சார்லஸ் ட்ரூ' பழுதுபார்ப்புக்கு வந்ததும் இங்கேதான். அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று பழுதுபார்ப்புக்காக இந்தியா வந்தது அதுவே முதல்முறை.

காற்றும் பெயின்ட்டும் சேர்ந்து வேலை பார்க்கும் இடமும் கப்பல் தளம்தான். கப்பலின் உடம்புக்கு பெயின்ட் அடிக்கும் இயந்திரத்தில் 100 பவுண்டு காற்று ஒரு பெரிய பிஸ்டனைத் தள்ளும். அது ஒரு சின்ன பிஸ்டனைத் தள்ள, பெயின்ட் 3,000 பவுண்டுக்கும் மேலான அழுத்தத்தோடு பீய்ச்சும். பெயின்ட்பால் மார்க்கரும் வேலைக் கருவியாகப் பிறந்ததுதான். வெட்ட வேண்டிய மரத்திலும் மாட்டின் மேலும் தூர நின்று அடையாளம் வைப்பதற்காக அமெரிக்காவில் செய்யப்பட்டது. 1981-ல்தான் அதை வைத்து முதன்முதலாக விளையாடினார்கள்.

குடிநீரும் மார்க்கரும்

2010 முதல் இயங்கும் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தின் திறன் நாளுக்கு 10 கோடி லிட்டர். கடல்நீரைச் சவ்வின் வழியே பிழிந்து உப்பைப் பிரிக்க, பொதுவாக 800 முதல் 1,000 பவுண்டு வரை அழுத்தம் வேண்டும். பெரும்பாலான டேங்குகளிலிருந்து மார்க்கருக்குள் போகும் காற்றும் சுமார் 800 பவுண்டுதான். வடசென்னைக்குக் குடிநீர் தரும் அழுத்தத்துக்கு நிகரான ஒன்று விளையாட்டுப் பையனின் கைக்குள் இருக்கிறது.

டேங்குக்குள் இருப்பதோ 3,000 அல்லது 4,500. அதை 800-க்குக் குறைத்துத் தருவதுதான் கழுத்தில் இருக்கும் ரெகுலேட்டரின் வேலை. சில புதிய எலெக்ட்ரானிக் மார்க்கர்களுக்கு 450 பவுண்டே போதும். அதனால்தான் வெளியேறும் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் 'அட்ஜஸ்டபிள்' டேங்க் வந்தது. ஒரே மார்க்கர் வைத்திருப்பவருக்கு, அந்த மார்க்கர் கேட்கும் அழுத்தத்தைத் தரும் சாதாரண ரெகுலேட்டர் போதும். மார்க்கரை மாற்றி மாற்றி ஆடுபவர்கள்தான் கூடுதல் பணம் கொடுக்க வேண்டும்.

இங்கே ஒரு தப்புக் கணக்கு உண்டு. ரெகுலேட்டரைத் திருகினால் குண்டு வேகமாகப் பறக்கும் என்று நினைப்பார்கள். வேகத்தைச் சரிசெய்ய வேண்டிய இடம் மார்க்கர்தான். வேகமானியில் பார்த்து, நொடிக்கு 300 அடிக்கு மேல் போகாமல் வைக்க வேண்டும். அதைத் தாண்டினால் விளையாட்டு காயத்தில் முடியும்.

கார்பன் டை ஆக்சைடு மலிவாயிற்றே என்று கேட்கலாம். அது திரவமாக அடைபட்டிருப்பதால் வெயில் ஏற ஏற அழுத்தமும் ஏறும். 21 டிகிரியில் 850 பவுண்டு. 31-ஐத் தொட்டால் 1,000-ஐத் தாண்டிவிடும். சித்திரை வெயிலில் சென்னையில் அதை நம்ப முடியாது. ரெகுலேட்டர் வழியே வரும் காற்று அந்த அளவுக்கு ஆட்டம் காட்டாது.

வாங்கும் முன் நான்கு கேள்விகள்

முதல் கேள்வி, எங்கே நிரப்புவது? பஞ்சர் கடை கம்ப்ரஸர் 150 பவுண்டோடு நின்றுவிடும். ஆடும் மைதானத்தில் 3,000 வரைதான் நிரப்புவார்கள் என்றால், 4,500 டேங்குக்குக் கொடுக்கும் பணம் பாதி வீண்.

இரண்டாவது, எவ்வளவு காற்று? 3,000 பவுண்டில் 0.8 லிட்டர் அலுமினிய டேங்க் சுமார் 160 லிட்டர் காற்றை அடக்கும். 4,500 பவுண்டில் 1.1 லிட்டர் கார்பன் ஃபைபர் டேங்க் அதைப்போல் இரு மடங்கு அடக்கும். விலையும் அதற்கேற்ப ஏறும்.

மூன்றாவது, சோதனைத் தேதி என்ன? டேங்கின் மேலேயே அது பொறிக்கப்பட்டிருக்கும். தேதி கடந்த பழைய டேங்க் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

நான்காவது, அனுமதி இருக்கிறதா? இந்தியாவில் அழுத்த சிலிண்டர்கள் 2016-ம் ஆண்டின் எரிவாயு சிலிண்டர் விதிகளுக்குள் வருகின்றன. பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான 'பெசோ'வின் அனுமதி இல்லாமல் வெளிநாட்டிலிருந்து தருவிப்பது வம்பு.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் வெல்டிங் பட்டறைகளுக்குக் குறைவில்லை. அங்கிருக்கும் ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து இந்த டேங்கை நிரப்பவே கூடாது. உள்ளே துளி எண்ணெய் இருந்தாலும் ஆக்சிஜனோடு சேர்ந்து தீப்பிடித்து வெடிக்கும். சாதாரணக் காற்றிலேயே நிரப்பும் முனையில் எண்ணெய், கிரீஸ் படக் கூடாது. வெயிலில் பூட்டிய காருக்குள் டேங்கை விட்டுவைப்பதும் ஆபத்து.

சிலிண்டரில் அடைத்த காற்று இந்தப் பகுதியில் உயிர் காக்கும் பொருளும்கூட. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தபோது, மக்கள் மூச்சுத் திணறி வீட்டைவிட்டு ஓடினார்கள். அத்தகைய இடத்துக்குள் போகும் மீட்புப் பணியாளர் முதுகில் சுமக்கும் சுவாச சிலிண்டரிலும் பெயின்ட்பால் டேங்கைப் போலவே 4,000 பவுண்டுக்கு மேல் காற்று இருக்கும். அவர் தேதி பார்க்காமல், அழுத்தமானி பார்க்காமல் அதை மாட்டிக்கொள்வதில்லை.

காட்டுப்பள்ளிக்கு மேற்கே உப்பங்கழியில் இருளர்கள் இடுப்பளவு நீரில் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிறார்கள். வாயில் கடித்த பறி, வெறும் கை, நெஞ்சுக்குள் இருக்கும் மூச்சு. வேறு கருவி எதுவும் கிடையாது. காற்றைக் காசு கொடுத்து வாங்கி விளையாட முடிந்தவர்கள், வாங்கும் முன் அந்த நான்கு கேள்விகளையாவது கேட்டுவிட வேண்டும்.