தூய நீரும் கண்ணின் வில்லையும்

ஷாஃபிஈ ஃபிக்ஹு நூலின் முதற்பாடம் நீரைப் பற்றியது. மழை நீர், கடல் நீர், ஆற்று நீர், கிணற்று நீர், ஊற்று நீர், பனி நீர், ஆலங்கட்டி நீர் ஆகிய ஏழும் தூய்மை செய்வன என்று முப்பது ஆண்டுகளாக ஓதிக்கொடுத்து வருகிறோம். அப்பாடத்தின் எல்லையை நாம் அறியாதிருந்தோம் என்பதை நம் இளைய மகளின் கண்தான் உணர்த்திற்று.

சிறு வயதிலிருந்தே தடித்த கண்ணாடி அணிந்தவள் அவள். வேலைக்குச் சென்றபின் காண்டாக்ட் லென்ஸுக்கு மாறினாள். “வாப்பா, இதைக் கழற்றாமல் ஒளூச் செய்தால் கூடுமா?” என்று கேட்டாள். முகத்தைக் கழுவுதல் கடமை. கண்ணின் உட்புறத்தைக் கழுவுதல் கடமையன்று. எனவே கூடும் என்றோம். அந்த விடை சரியே.

ஒருநாள் மஃரிபு வேளையில் வில்லை ஒன்று நழுவித் தரையில் விழுந்தது. கழுவும் மருந்துநீர் தீர்ந்திருந்தது. தயங்கியவளிடம், “கிணற்று நீர் தூயதுதானே, அலசிப் போட்டுக்கொள்” என்று சொன்னவர் நாமே.

சில நாட்களில் கண் சிவந்தது, வெளிச்சம் கூசிற்று, வலி பொறுக்கவொண்ணாததாயிற்று. “வில்லையில் தண்ணீர் பட்டதா?” என்பதே மருத்துவர் கேட்ட முதல் வினா. கிணற்றிலும் குழாய் நீரிலும் வாழக்கூடிய அகாந்தமீபா எனும் நுண்ணுயிர் அவள் கருவிழியை அரித்துக்கொண்டிருந்தது.

சொட்டு மருந்துடன் கழிந்த அந்த மாதங்களில் இவ்வில்லையின் வரலாற்றைத் தேடிப் படித்தோம். 1888இல் அடால்ஃப் ஃபிக் என்னும் ஜெர்மானியக் கண் மருத்துவர், ஜூரிச் நகரில், வெண்விழியையும் மூடும் கண்ணாடி வில்லைகளை முயல்களுக்கு அணிவித்துப் பார்த்து, பின்னர்த் தம் கண்ணிலும் பொருத்திக்கொண்டார். அவற்றை நெடுநேரம் அணிய இயலவில்லை. கருவிழிக்கு இரத்தக் குழாய்கள் இல்லை; தனக்கு வேண்டிய உயிர்வளியைக் கண்ணீரின் வழியே காற்றிலிருந்து பெறுகிறது. கண்ணாடி அதைத் தடுத்தது.

1961ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் காலத்தில், பிராக் நகரில், ஓட்டோ விக்டெர்லே என்னும் செக் வேதியியலறிஞர் பிள்ளைகளின் விளையாட்டு இரும்புத் துண்டுகளையும் சைக்கிள் டைனமோவையும் இணைத்து, வீட்டிலேயே ஒரு சுழல் கருவி செய்து, மென்வில்லைகளை வார்த்தெடுத்தார். அவர் கையாண்ட பொருள் நீரை உறிஞ்சி மென்மையாவது. இன்று கோடிக்கணக்கானோர் அணியும் மென்வில்லைகளுக்கு அதுவே தொடக்கம். நீரை ஏற்கும் அந்த இயல்பே கண்ணுக்கு இதம். கெட்ட நீர் பட்டால் அதுவே கேடு.

அல்லாஹ்வின் அருளால் மகளுக்குப் பார்வை மீண்டது; கருவிழியில் ஒரு சிறு தழும்பு மட்டும் நின்றுவிட்டது. இப்போது அவள் கையைச் சோப்பிட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்த பின்னரே வில்லையைத் தொடுகிறாள். ஒளூவுக்கு முன்பும் உறங்கும் முன்பும் கழற்றிவிடுகிறாள்.

நாமும் நீர்ப்பாடம் நடத்தும்போது ஒரு சொல் கூட்டிச் சொல்கிறோம்: தொழுகைக்குரிய தூய்மை வேறு, நோய்க்கிருமி இல்லாத தூய்மை வேறு. முன்னதை எம்மிடம் கேளுங்கள். பின்னதை மருத்துவரிடம் கேளுங்கள்.